மிருதங்கக் கணக்கில் ஒரு ஜாஸ் குழு

காரைக்குடி சகோதரர்களின் வீணையோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அவர்களுக்குப் பிறகு இந்த ஊரின் பெயரைக் கடல் கடந்து கொண்டுபோனது மிருதங்கம்.

1945இல் காரைக்குடியில் பிறந்த மிருதங்கக் கலைஞர் மணி, ரங்கு ஐயங்காரிடம் பாடத்தைத் தொடங்கிப் பின்னர் ஹரிஹர சர்மாவிடம் பயின்றார். சர்மாவின் மகன் விக்கு விநாயக்ராம் 1970களிலேயே கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினின் ‘சக்தி’ குழுவில் கடம் வாசித்து ஜாஸ் ரசிகர்களை வசப்படுத்தியவர். ஒரே குருகுலத்திலிருந்து இருவர் அந்தப் பக்கம் போனார்கள். ஆனால் மணி போன வழி வேறு.

பக்கத்து ஊரான அரியக்குடியின் ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி முறையில் மிருதங்கம் பக்கவாத்தியம். தனி ஆவர்த்தனம் வரும்வரை அது பாட்டுக்குக் கட்டுப்பட்டது. லயம் தன் காலிலேயே நிற்கும் என்று மணி உறுதியாக நம்பினார். பாட்டே இல்லாத தாளவாத்தியக் கச்சேரிகளை நடத்தினார். ‘ஸ்ருதி லயா’ குழுவை அமைத்தார்.

அந்த நம்பிக்கைதான் அவரை ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்க்கெஸ்ட்ராவிடம் சேர்த்தது. பியானோக் கலைஞர் பால் கிராபௌஸ்கி 1994இல் தொடங்கிய ஜாஸ் குழு அது. இருதரப்பும் சேர்ந்து உருவாக்கிய ‘இன்டு தி ஃபயர்’ 2000இல் இசைத்தட்டாக வந்தது. மற்ற கலப்பிசைகளில் ராகம் முன்னால் போகும், தாளம் பின்னால் வரும். இங்கே மணியின் கோர்வைகளே, கணக்கிட்டுக் கோத்த தாளச் சொற்கட்டுகளே, உருப்படி.

ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில் சதுஸ்ர நடையில் 32 மாத்திரை. ‘ததிகிணதொம்’ என்ற ஐந்தெழுத்துச் சொல்லை மும்முறை, நடுவே மும்மூன்று மாத்திரை இடைவெளி விட்டு வாசித்தால் 21 ஆகும். ஆக, 11 மாத்திரை கழித்து எடுத்தால்தான் அடுத்த ஆவர்த்தனம் தொடங்கும் சமத்தில் சரியாக வந்து விழும். இது பாலபாடம். மணியின் கோர்வைகள் இதைவிடப் பலமடங்கு சிக்கலானவை. அவற்றை டிராம்போனும் சாக்ஸபோனும் ஊதவேண்டும். மூச்சு எடுக்கும் இடமும் கணக்குக்குள் அடங்கவேண்டும். டிராம்போன் கலைஞர் ஏட்ரியன் ஷெரிஃப் மணியிடமே சீடராக அமர்ந்தார்.

இதே காலத்தில் நியூயார்க்கில் இன்னொரு பரிசோதனை நடந்தது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கல்யாண இசையான கிளெஸ்மரை, 1986இல் தோன்றிய ‘கிளெஸ்மாடிக்ஸ்’ குழு ராக் வேகத்தில் வாசித்தது. 1990களில் ஜான் ஸோர்னின் ‘மசாடா’ யூத இசையின் சாயல்களை ஜாஸுக்குள் கொண்டுவந்தது. அந்த இளைஞர்களின் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் நிலை துயரமானது. வாசித்த தலைமுறையில் பெரும்பகுதி நாஜிகளின் படுகொலையில் அழிந்துவிட்டது. பாதிப் பாடத்தைப் பழைய 78 சுற்று இசைத்தட்டுகளிடம்தான் அவர்கள் கேட்கவேண்டியிருந்தது.

ஆஸ்திரேலியர்களுக்கு அந்தக் குறை இல்லை. மரபு அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது; தப்பினால் நிறுத்தி, கையில் தாளம் போட்டுச் சொல்லிக்கொடுத்தது. 2023 மே 4ஆம் தேதி மறையும்வரை மணி சமரசம் அறியாத ஆசிரியர். ஜாஸுக்காக அவர் கணக்கை எளிதாக்கவில்லை. கணக்குக்கு ஜாஸ்தான் ஏறிவர வேண்டியிருந்தது.

(தொடரும்)