நடுநிலை வகுப்பு வீட்டுக்கல்வியில் பாடத்திட்டத் தேர்வு: அமெரிக்க அனுபவமும் அதன் எல்லைகளும்

வீட்டிலேயே பிள்ளைக்குக் கற்பிக்கும் பெற்றோருக்காகப் பாடநூல், பயிற்சிநூல், நாள்வாரி அட்டவணை, ஆசிரியர் கையேடு, தேர்வுத்தாள் ஆகியவற்றை ஒன்றுசேர்த்து வழங்கும் தொகுப்பே வீட்டுக்கல்வியில் வரன்முறைப் பாடத்திட்டம் எனப்படுகிறது. இத்தகைய தொகுப்புகள் பெருமளவில் வளர்ந்த நாடு அமெரிக்கா. மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரிலுள்ள கால்வர்ட் பள்ளி, தலைமையாசிரியர் விர்ஜில் ஹில்யரின் முயற்சியால், 1906இல் அஞ்சல்வழி வீட்டுப்பாடத்தைத் தொடங்கியது. பென்சில், தாள் உட்பட ஓராண்டுக்கு வேண்டியவை ஒரே பெட்டியில் வந்து சேர்ந்தன. வெளிநாட்டில் பணியாற்றிய தூதரக அலுவலர்கள், சமயப் பணியாளர்கள், படைத்துறையினர் ஆகியோரின் பிள்ளைகள் அதைக் கொண்டு படித்தார்கள். பள்ளிக்கு எட்டாத இடத்தில் வாழ்ந்த குடும்பங்களுக்கு அந்தப் பெட்டி பொருத்தமான ஏற்பாடுதான். பின்னர், பள்ளி அருகில் இருந்தும் அதை விரும்பாத குடும்பங்கள் பெருகியபோதும் பெட்டியின் வடிவம் மாறவில்லை. அமெரிக்கக் கல்விப் புள்ளியியல் மையத்தின் மதிப்பீட்டில் 1999இல் ஏறத்தாழ 8,50,000 பிள்ளைகள் வீட்டில் படித்தனர். 2012இல் அந்த எண்ணிக்கை 18 லட்சத்தை ஒட்டியிருந்தது.

எல்லாப் பாடங்களுக்கும் ஒரே அளவு ஒழுங்கு வேண்டும் என்ற எண்ணம் பெட்டியின் வடிவத்திலேயே அடங்கியிருக்கிறது. ஆறு முதல் எட்டு வரையிலான நடுநிலை வகுப்புகளில் இந்த எண்ணம் மிகவும் வலுவிழக்கிறது. அந்த வயதுப் பிள்ளைக்கு எந்தத் தொகுப்பு சிறந்தது என்று கேட்பதைவிட, எந்தப் பாடத்துக்கு எவ்வகை ஒழுங்கு தேவை என்று கேட்பதே பயன்தரும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்க வகுப்புகளில் எழுத்தறிவும் எண்ணறிவும் உடைய ஒரு பெற்றோரால் எல்லாப் பாடங்களையும் சமாளித்துவிட முடியும். உயர்நிலை வகுப்புகளில் கல்லூரிச் சேர்க்கை விதிகளே பெரும்பாலான முடிவுகளை எடுத்துவிடுகின்றன. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில்தான் தெரிவுகள் அதிகம், வழிகாட்டுதல் குறைவு. கணக்கு எண்கணிதத்திலிருந்து இயற்கணிதத்துக்கு நகர்வதும், எழுத்து விவரிப்பிலிருந்து வாதத்துக்கு நகர்வதும் இப்போதுதான். பதினொன்று, பன்னிரண்டு வயதில் கருத்தியல் சிந்தனை தொடங்குவதாக உளவியலாளர் பியாஜே கூறியது அந்த எல்லையின் துல்லியம் குறித்து விவாதத்துக்குரியதாக இருக்கலாம். ஆனால் 'இதை ஏன் படிக்க வேண்டும்' என்ற கேள்வி இந்த வயதில் வலுப்பதைப் பெற்றோர் எவரும் மறுக்கமாட்டார்கள். நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. தொடக்க வகுப்பில் பழகிய நூல்வரிசைகள் பல இங்கே முடிந்துவிடுகின்றன. கணித நூல்வரிசைகளில், சிங்கப்பூரின் பிரைமரி மேத்தமேட்டிக்ஸ் ஆறாம் வகுப்போடும், பீஸ்ட் அகாடமி ஐந்தாம் நிலையோடும் நிறைவடைகின்றன. விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இந்தக் கட்டத்தில் மறுபடியும் ஒரு தெரிவைச் செய்தாக வேண்டும்.

ஒழுங்கான பாடத்திட்டம் பயனளிக்கிறதா என்பதற்கான சான்றுகள் குறைவு. இருப்பவற்றையும் கவனமாகவே படிக்க வேண்டும். விற்பனைக் குறிப்புகள் அடிக்கடி முன்வைக்கும் வகை ஆய்வுக்கு எடுத்துக்காட்டு, 1999இல் வெளியான லாரன்ஸ் ரட்னரின் ஆய்வு. 20,760 மாணவர்களை உள்ளடக்கிய அதில் வீட்டில் படித்தவர்களின் மதிப்பெண்கள் தேசிய சராசரியைவிட மிக உயர்ந்திருந்தன. ஆனால் அவர்கள் அனைவரும் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தின் தேர்வுச் சேவையைத் தாமாக முன்வந்து பயன்படுத்திய குடும்பங்களின் பிள்ளைகள். வீட்டுக்கல்வியின் விளைவையும் அக்குடும்பங்களின் கல்வி, வருமானம் ஆகியவற்றின் விளைவையும் அந்த எண்களிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

சான்ட்ரா மார்ட்டின்-சாங்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் கனடாவில் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு அளவில் மிகச் சிறியது. நமது கேள்விக்கு அதுவே நெருக்கமானது. வீட்டில் படித்த 37 பிள்ளைகளும் பொதுப்பள்ளியில் படித்த 37 பிள்ளைகளும் அதில் இடம்பெற்றனர். வீட்டில் படித்தவர்களுள் ஒழுங்கான பாடத்திட்டத்தைப் பின்பற்றிய 25 பேர் பொதுப்பள்ளிப் பிள்ளைகளைவிட உயர்ந்த மதிப்பெண் பெற்றனர். ஒழுங்கின்றிக் கற்ற 12 பேர் இரு குழுக்களுக்கும் பின்தங்கினர். அப்பிள்ளைகளின் வயது ஐந்து முதல் பத்து வரை என்பதால், முடிவை அப்படியே நடுநிலை வகுப்புக்கு நீட்டிக்க இயலாது. ஒழுங்கு பொருட்படுத்த வேண்டிய காரணி என்பதற்கு அது சான்று. எந்தப் பாடத்தில் எவ்வளவு என்பதற்குச் சான்று அன்று. அந்தக் கேள்விக்கு ராபர்ட் குன்ஸ்மனும் மில்ட்டன் கெய்தரும் 2013இல் செய்த ஆய்வுத் திறனாய்வு சற்று வெளிச்சம் தருகிறது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் கொண்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், வீட்டுக்கல்வி மொழித்திறனைச் சற்று உயர்த்துகிறது, கணிதத்திறனைச் சற்றுக் குறைக்கிறது என்ற போக்கு அவர்களுக்குத் தென்பட்டது. வீட்டுச் சூழல் தானாகவே வளர்ப்பது மொழியை. கணிதத்தைத் தானாக வளர்ப்பதில்லை. பாடத்துக்குப் பாடம் ஒழுங்கின் அளவு மாற வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பு இத்துறை ஆய்வுகளில் இல்லை.

இதற்கான கோட்பாட்டு விளக்கத்தைப் பிரித்தானியச் சமூகவியலாளர் பேசில் பெர்ன்ஸ்டைனிடம் காணலாம். ஒவ்வொரு கருத்தும் முந்தையதன் மேல் ஏறி நிற்கும் அடுக்கு அறிவையும், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக விரியும் கிடை அறிவையும் அவர் வேறுபடுத்தினார். பெர்ன்ஸ்டைன் கையாண்ட நுணுக்கங்களை ஒதுக்கிவிட்டுப் பள்ளிப் பாடங்களுக்குப் பொருத்தினால், பின்னம் தெரியாமல் விகிதமும் விகிதம் தெரியாமல் நேர்கோட்டுச் சமன்பாடும் விளங்காது. சோழர் வரலாற்றுக்கு முன் ரோமர் வரலாற்றைப் படித்தாலும் பின் படித்தாலும் பெரிய இழப்பில்லை. 'ஒழுங்கு' என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் மூன்று தனித்தனிக் கூறுகள் கலந்திருப்பதையும் கவனிக்க வேண்டும்: பாடவரிசை, வேகம், சரிபார்ப்பு. பெட்டிகள் மூன்றையும் சேர்த்தே தருகின்றன. பெற்றோர் அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரிவு தெளிவாகும்.

கணிதத்தில் வரிசையும் சரிபார்ப்பும் வெளியிலிருந்து வருவதே நல்லது. அமெரிக்க வீட்டுக்கல்வியில் நீண்டகாலம் செல்வாக்குடன் இருந்த சாக்சன் நூல்வரிசையும் சிங்கப்பூர் முறையும் இதை இருவேறு வழிகளில் செய்கின்றன. விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்று ஓக்லஹோமாவில் கணிதம் கற்பித்த ஜான் சாக்சன், ஒரு கருத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துப் பல பாடங்களில் பரப்பினார். ஒவ்வொரு நாளின் பயிற்சியிலும் புதிய பாடத்தின் கணக்குகள் சில; மீதி எல்லாம் பழையவற்றின் கலவை. சிங்கப்பூர் முறை பொருள், படம், குறியீடு என்ற படிகளில் ஒரே கருத்தில் நெடுநேரம் தங்குகிறது. சொற்கணக்குகளைச் செவ்வகப் பட்டைகளாக வரைந்து தீர்க்கப் பழக்குகிறது. 1995ஆம் ஆண்டின் டிம்ஸ் என்னும் பன்னாட்டுக் கணித ஒப்பீட்டில் சிங்கப்பூர் முதலிடம் பெற்ற பின்னரே அமெரிக்கப் பெற்றோர் இந்நூல்களைத் தேடத் தொடங்கினர்.

சாக்சன் முறை சலிப்பூட்டுவது, இயந்திரத்தனமானது என்பது பழைய குற்றச்சாட்டு. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் கலவைப் பயிற்சி என்ற அதன் உயிர்நாடிக்கு வலுவான ஆதரவு கிடைத்திருக்கிறது. டக் ரோரரும் சக ஆய்வாளர்களும் அமெரிக்க ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட சோதனையில், ஒரே வகைக் கணக்குகளை அடுத்தடுத்துச் செய்தவர்கள் மீள்பார்வைக்கு ஒரு மாதத்துக்குப் பின் நடந்த தேர்வில் சராசரியாக 42 விழுக்காடு பெற்றனர்; கலந்து செய்தவர்கள் 74 விழுக்காடு பெற்றனர். எந்தச் சூத்திரம் பொருந்தும் என்பதைக் கண்டுபிடிப்பதே கணக்கின் பாதி வேலை; அத்தியாயத் தலைப்பு அதைச் சொல்லிவிட்டால் அந்தப் பாதி பயிற்சி நடப்பதே இல்லை. ஆகவே எந்த நூல்வரிசையைப் பரிசீலித்தாலும் பெற்றோர் முதலில் புரட்ட வேண்டியது பயிற்சிப் பக்கங்களைத்தான். கலவைப் பயிற்சி இல்லாத நூல் மற்றெல்லா வகையிலும் சிறந்ததாக இருந்தால், பழைய அத்தியாயங்களிலிருந்து அன்றாடம் நான்கைந்து கணக்குகளைச் சேர்த்துக்கொள்வது எளிது.

நூலின் அட்டையிலுள்ள வகுப்பு எண்ணை நம்பிக் கணக்குநூலை வாங்குவது இன்னொரு பொதுவான தவறு. ஒரு பதிப்பகத்தின் ஆறாம் வகுப்பும் மற்றொன்றின் ஆறாம் வகுப்பும் ஒன்றல்ல. பெரிய பதிப்பகங்கள் பல நிலையறி தேர்வுகளை இலவசமாகவே தருகின்றன. பள்ளியிலிருந்து ஏழாம் வகுப்பில் விலகிய பிள்ளை பின்னத்தில் தடுமாறினால், ஐந்தாம் வகுப்பு நூலிலிருந்து தொடங்குவதில் இழுக்கில்லை. வேகத்தைத் தாமே தீர்மானிக்க முடிவது வீட்டுக்கல்விக்குப் பள்ளியைவிட உள்ள உண்மையான அனுகூலம். பெட்டியின் நாள்வாரி அட்டவணைக்கு அடிபணிந்தால் அதுவும் கைவிட்டுப் போகும்.

மொழியில் நிலைமை வேறு. வாசிப்புக்கு வரிசை ஏறத்தாழத் தேவையில்லை. அளவும் தரமும் தேவை. ஆங்கிலக் கல்வியாளர் ஷார்லட் மேசன் (1842–1923) வலியுறுத்திய முறைப்படி, பிள்ளை நல்ல நூலின் ஒரு பகுதியை ஒருமுறை மட்டும் படித்துவிட்டுத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். பணச்செலவற்ற இந்த முறை, நிரப்புக பயிற்சிநூல்கள் பலவற்றைவிட மேலானது. ஆனால் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு வாய்மொழி போதாது. எழுதிய கட்டுரையை யாரேனும் படித்து, வாதம் எங்கே அறுகிறது என்று காட்ட வேண்டும். தாயோ தந்தையோ இதைச் செய்யும்போது உறவு குறுக்கே வருவது இயல்பு. எழுத்தைத் திருத்தித்தரும் வெளியாள் ஒருவருக்குச் செலவிடும் பணம், இலக்கணப் பயிற்சிநூல்களுக்குச் செலவிடும் பணத்தைவிடப் பயனுள்ளது.

வரலாற்றில் ஒழுங்கின் தேவை மிகக் குறைவு. சந்தையில் ஒழுங்கு மிகுதியாக விற்கப்படுவதும் இங்கேதான். ஜெஸ்ஸி வைஸும் அவருடைய மகள் சூசன் வைஸ் பாவரும் 1999இல் வெளியிட்ட நூலால் பரவிய செவ்வியல் முறை, உலக வரலாற்றை நான்காண்டுச் சுற்றாகப் பிரித்து மூன்றுமுறை கற்பிக்கிறது. ஐந்து முதல் எட்டு வரையிலான வகுப்புகள் அதில் தருக்கப் பருவம். இப்பருவப் பிரிவின் மூலம் ஆங்கில எழுத்தாளர் டோரத்தி சேயர்ஸ் 1947இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரை. அதிலுள்ள குழந்தை உளவியல் தம் சொந்த இளமை நினைவிலிருந்து எடுத்தது என்று சேயர்ஸே ஒப்புக்கொண்டார். பின்வந்தவர்கள் அந்த அடக்கத்தை மறந்துவிட்டார்கள். காலக்கோடு ஒன்றைச் சுவரில் ஒட்டி, நூலகத்திலிருந்து ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து நல்ல நூல்களைப் படிக்கும் பிள்ளைக்கு இப்பாடத்தில் பெட்டி தேவையில்லை.

அறிவியலில் வரிசையைவிட உள்ளடக்கமே முதன்மையான கேள்வி. பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பகம், அபேக்கா போன்ற கிறித்தவப் பதிப்பகங்கள் அமெரிக்க வீட்டுக்கல்விச் சந்தையில் பெரும்பங்கு வகிப்பவை. அவற்றின் அறிவியல் நூல்கள் உலகம் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் படைக்கப்பட்டது என்ற நம்பிக்கையின் அடிப்படையில் எழுதப்பட்டவை. இத்தகைய நூல்களைப் பயன்படுத்திய உயர்நிலைப் பாடங்கள் சிலவற்றைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் சேர்க்கைத் தகுதிக்கு ஏற்க மறுத்தது. அதை எதிர்த்த வழக்கில் 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தின் பக்கமே நின்றது. முழுத் தொகுப்பை வாங்குபவர் நல்ல இலக்கணநூலோடு இத்தகைய அறிவியல் நூலையும் சேர்த்தே பெறுகிறார். பாடவாரியாகத் தெரிந்தெடுப்பதற்கு இது தனிக் காரணம்.

சட்டம் இந்தத் தெரிவை மாநிலத்துக்கு மாநிலம் வேறுவிதமாகக் கட்டுப்படுத்துகிறது. நியூயார்க்கில் ஆண்டுத் தொடக்கத்தில் கற்பித்தல் திட்டத்தையும், பின்னர் நான்கு காலாண்டு அறிக்கைகளையும் தர வேண்டும். ஏழாம் வகுப்பு முதல் ஆண்டுக்கு 990 மணிநேரக் கற்பித்தல் கட்டாயம். பென்சில்வேனியாவில் 3, 5, 8ஆம் வகுப்புகளில் தரப்படுத்திய தேர்வு உண்டு. டெக்சஸில் 1994ஆம் ஆண்டின் லீப்பர் தீர்ப்பின்படி வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை ஆகியவற்றை எழுத்துவடிவப் பாடத்திட்டத்தின்படி நேர்மையாகக் கற்பித்தால் போதும். பதிவேடுகளைக் கேட்கும் மாநிலங்களில் பெட்டியின் ஆயத்த அட்டவணை கைகொடுப்பது உண்மை. பள்ளியிலிருந்து விலகிய முதல் ஆண்டிலும், பெற்றோர் நோயுற்றோ வேலைப்பளுவிலோ இருக்கும் காலத்திலும் முழுத் தொகுப்பை வாங்குவதற்கு நியாயம் உண்டு. இரண்டாம் ஆண்டில் கணிதம் தவிர மற்றவற்றைக் கழற்றத் தொடங்கலாம்.

இந்தியப் பெற்றோர் இத்தொகுப்புகளை வரவழைக்கும்போது வேறொரு சிக்கல் சேர்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி பற்றிப் பேசுகிறது. வீட்டுக்கல்வியை அது வெளிப்படையாக ஏற்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நடைமுறையில் பலர் நாடும் வாயில் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். அதன் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக் குறைந்தபட்ச வயது 14. சான்றிதழுக்கு ஐந்து பாடங்களில் தேர்ச்சி வேண்டும். ஆகவே நடுநிலை ஆண்டுகளின் தெரிவை அந்த ஐந்து பாடங்களிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுவதே முறை. அங்குலமும் பவுண்டும் நிரம்பிய அமெரிக்கக் கணக்குநூலை விளக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம்; அளவைகளையும் வணிகக் கணிதத்தையும் என்.சி.இ.ஆர்.டி. நூல்களிலிருந்து எடுக்க வேண்டும். தமிழை ஒரு பாடமாக எழுதவிருக்கும் பிள்ளைக்கு எந்த அமெரிக்கப் பெட்டியும் உதவாது. அதற்கு வேண்டிய ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் பாடநூல்களைத் தமிழ்நாடு அரசு இணையத்தில் இலவசமாகவே வழங்குகிறது.