தென்கிழக்குக் கரையில் அயல்மொழிப் பாடல்கள்: ஒரு வரலாற்று நோக்கு

ஒலுவில் கடற்கரையில் 2008ஆம் ஆண்டு கட்டத் தொடங்கப்பெற்று, 2013 செப்டெம்பர் 1ஆந் திகதி திறந்துவைக்கப்பட்ட துறைமுகம், அமைத்தோர் எதிர்பார்த்த கப்பற் போக்குவரத்தைக் காணவில்லை. அதன் வாயிலை மணல் மூடிற்று. அதற்கு வடக்கேயுள்ள கரையைக் கடல் அரித்தது. ஆயினும் இக்கரைக்கு வெளியுலகின் செல்வம் ஒன்று துறைமுகத்தின் துணையின்றியே நெடுங்காலமாக வந்து சேர்ந்துகொண்டிருந்தது. அச்செல்வம் பாட்டு. அரபு, இந்துஸ்தானி, சிங்களம், ஆங்கிலம் ஆகிய மொழிகளின் பாடல்களைக் கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள ஊரவர் கேட்டனர். கேட்டதோடு அமையாது தெரிந்தெடுத்தனர். தெரிந்தெடுத்ததைப் பிறருக்கும் சொல்லிக் கேட்கச் செய்தனர். இன்று யப்பானிய அசைபடங்களின் இசையைக் கைப்பேசி வழியே ஒருவர்க்கொருவர் அனுப்பி மகிழும் இளைஞர் செய்வதும் இதுவே.

இவ்வழக்கத்தை ஐயுறுவோர் எக்காலத்தும் இருந்துள்ளனர். பிறமொழிப் பாட்டில் மனம் தோய்ந்தவன் தன் மொழிப் பாட்டை மறப்பான் என்பதும், பொருள் விளங்காப் பாட்டைக் கேட்பது வெறும் மயக்கம் என்பதும் அவர்தம் வாதம். தென்கிழக்குக் கரையின் வரலாறு இவ்வாதத்துக்குச் சான்று பகர்கின்றதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பொருள் உடன் விளங்காத மொழியிற் பாடுவது இக்கரைக்குப் புதியதன்று. இங்கு வாழும் முஸ்லிம்களின் தாய்மொழி தமிழ். வழிபாட்டு மொழி அரபு. வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் ஓதப்பெறும் சுப்ஹான மௌலூதும், பதின்மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த இமாம் பூசிரி இயற்றிய புர்தாவும் அரபிலேயே இசையோடு ஓதப்பட்டன. ஓதியோருள் அரபு இலக்கணம் கற்றோர் சிலர். ஓசையின் வழியே உள்ளம் நெகிழ்ந்தோர் பலர். மறுபுறத்தில், தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் என்னும் மரபும் இம்மக்களிடம் வழங்கிற்று. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் சாகுல் ஹமீது நாயகத்தின் பெயரால் ஆண்டுதோறும் நடைபெறும் கொடியேற்ற விழாவுக்கு வரும் பக்கீர் பாவாமார் றபான் தட்டிப் பாடும் பைத்துக்களில் அரபும் தமிழும் கலந்தே ஒலிக்கும். ஆதலின், செவி முன்னும் பொருள் பின்னுமாகப் பாட்டை ஏற்கும் பயிற்சி இவர்க்குத் தலைமுறை தலைமுறையாய் வாய்த்திருந்தது.

அயலூர்களிலும் இத்தகைய நிலை காணப்பட்டது. மட்டக்களப்பிலே பறங்கியர் சமூகத்தார், போர்த்துக்கேயர் ஆட்சி நீங்கி முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், தம் போர்த்துக்கேயக் கிரியோல் பாடல்களைத் திருமண வீடுகளிற் பாடிவந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கைக்கு வந்த பார்சி நாடகக் குழுக்கள் இந்துஸ்தானி மெட்டுக்களைப் பரப்பின. சிங்கள நூர்த்தி அரங்கை வளர்த்த ஜோன் டி சில்வா, தம் நாடகங்களுக்கு இசையமைக்க விசுவநாத் லௌஜி என்னும் இந்திய இசைஞரை வரவழைத்தார். தமிழ் நாடகப் பாட்டுப் புத்தகங்களிலும் பாடலின் தலைப்பில் இந்துஸ்தானி மெட்டு என்று குறிப்பிடும் வழக்கம் இருந்தது. சொல் தமிழாகவும் மெட்டு அயலதாகவும் அமைந்த பாடல் எவர்க்கும் விந்தையாகத் தோன்றவில்லை.

எனினும் கடலோரச் சிற்றூரின் எளிய மனிதர் தாம் விரும்பிய அயல்மொழிப் பாட்டைத் தாமே தேர்ந்து கேட்கும் உரிமையைப் பெற்றது வானொலியின் வருகைக்குப் பின்னரே ஆகும். கொழும்பில் 1925 டிசெம்பர் 16ஆந் திகதி முறையான ஒலிபரப்புத் தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைத்தலைமையின் தேவைக்காக ஏக்கலையில் நிறுவப்பட்ட ஆற்றல்மிக்க சிற்றலை ஒலிபரப்பி, போர் முடிந்தபின் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. படைவீரரின் பொழுதுபோக்குக்கென அமைந்த அப்பொறியே பின்னர் இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் கேட்கத்தக்க குரலை இச்சிறு தீவுக்கு அளித்தது. 1950 செப்டெம்பர் 30ஆந் திகதி வர்த்தக சேவை தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிபர்ட் டொட் அதன் வளர்ச்சிக்கு வழிகாட்டினார்.

இதே காலத்தில் இந்தியாவில் நிகழ்ந்த ஒரு மாற்றம் இலங்கை வானொலிக்கு எதிர்பாராத வாய்ப்பைத் தந்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் இசைச் சுவையைக் கெடுக்கின்றது என்று கருதியவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாடல்கள் பெரிதும் குறைக்கப்பட்டன. பட உரிமையாளரோடு ஏற்பட்ட பிணக்கினால் அவை ஏறக்குறைய மறைந்தே போயின. மக்களின் சுவையைச் செம்மைப்படுத்தும் நோக்கம் உயர்ந்ததாயிருக்கலாம். ஆயினும் கேட்போர் செய்தது எளிய ஒன்று: வானொலியின் முள்ளைத் திருகிக் கொழும்பைப் பிடித்தனர்.

1952 டிசெம்பர் 3ஆந் திகதி இலங்கை வானொலியில் பினாகா கீத்மாலா தொடங்கிற்று. அதனை நடத்திய அமீன் சயானி அப்பொழுது இருபது வயதை எட்டும் நிலையில் இருந்த இளைஞர். நிகழ்ச்சி பம்பாயில் ஒலிப்பதிவு செய்யப்பட்டுக் கொழும்புக்கு அனுப்பப்பட்டது. தொடக்கத்தில் ஏழு பாடல்கள் ஒழுங்கு மாற்றி ஒலிபரப்பப்பட்டன. நேயர் அவற்றைச் சரியான வரிசையில் அமைத்து எழுதவேண்டும். முதல் நிகழ்ச்சிக்கே ஏறத்தாழ 9,000 கடிதங்கள் வந்தன என்று சயானி நினைவுகூர்ந்துள்ளார். பின்னர் இசைத்தட்டு விற்பனையையும் நேயர் மன்றங்களின் விருப்பத்தையும் அடியொற்றிப் பாடல்களை நிரற்படுத்தும் முறை வந்தது. எந்தப் பாட்டு நல்லது என்று தீர்மானிக்கும் பொறுப்பு அமைச்சரின் மேசையை விட்டு நேயரின் தபாலட்டைக்கு மாறியது எனலாம். அன்று பீகாரைச் சேர்ந்திருந்த ஜும்ரி தலையா என்னும் சிறு சுரங்க நகர், பாட்டு விருப்பக் கடிதங்களை ஓயாது எழுதியமையாலேயே நாடறிந்த பெயராயிற்று. இந்திய அரசும் போக்கை உணர்ந்து 1957 ஒக்ரோபரில் விவித் பாரதியைத் தொடங்கிற்று.

இந்தியிற் பேசாத தென்கிழக்குக் கரைக்கும் இப்பாடல்கள் வந்து சேர்ந்தன. இவற்றை இங்குள்ளோர் ஏற்ற முறையில் இருவகை உண்டு. ஒன்று, இந்திப் பாட்டை இந்திப் பாட்டாகவே கேட்டல். பாட்டின் சொற்களைக் கேட்டுக் கேட்டுத் தமிழ் எழுத்தில் குறிப்பேட்டில் எழுதி மனனஞ் செய்யும் வழக்கம் இளைஞரிடையே இருந்தது. முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதினர். பேரர் இந்தியைத் தமிழ் எழுத்தில் எழுதினர். மற்றொன்று, அம்மெட்டைத் தமிழில் கேட்டல். ராஜ்கபூரின் ஆஹ் 1953இல் அவன் என்ற பெயரில் தமிழ் பேசியபோது, சங்கர்–ஜெய்கிஷனின் மெட்டுக்களை ஏ. எம். ராஜாவும் ஜிக்கியும் தமிழிற் பாடினர். நௌஷாத் இசையமைத்த உரன் கட்டோலா 1956இல் வானரதமாக வந்தபோது லதா மங்கேஷ்கரே தமிழிற் பாடினார். இஸ்லாமியத் தமிழ்ப் பாடகரும் மக்கள் நன்கறிந்த இந்தி மெட்டுக்களிற் பக்திப் பாடல்களை அமைத்தனர். அவை ஒலிபெருக்கி வழியே திருமண வீடுகளிலும் விழாக்களிலும் முழங்கின.

இதனினும் சிறப்பாகக் கருதத்தக்கது, வானொலி பாட்டோடு பெயர்களையும் கொண்டுவந்தமை. தமிழ்ச் சேவையின் நேயர் விருப்ப நிகழ்ச்சிகளிலே பாட்டுக்கு முன்னர் அதனைக் கேட்டோரின் பெயரும் ஊரும் வாசிக்கப்படும். எஸ். பி. மயில்வாகனம், பி. எச். அப்துல் ஹமீது முதலிய அறிவிப்பாளரின் குரலில் தன் ஊர்ப் பெயர் ஒலிப்பதைக் கேட்பது கிராமத்துக்கு ஒரு பெருமை. தமிழர் பெயரும் முஸ்லிம் பெயரும் ஒரே பாட்டின் முன்னர் அடுத்தடுத்து வருவது அந்நிகழ்ச்சிகளின் இயல்பு. ஒருவரையொருவர் காணாதோர் ஒரு பாட்டின் சுவையால் ஒரு பட்டியலிற் கூடினர்.

எழுபதுகளில் வளைகுடா நாடுகளின் எண்ணெய் வளம் பெருகியபோது இக்கரையினர் பலர் அங்குத் தொழில் தேடிச் சென்றனர். திரும்பும்போது அவர் கொணர்ந்த பொருள்களுள் யப்பானிய வானொலிக் கசெட் பெட்டி சிறப்பிடம் பெற்றது. ஒலிநாடாவைப் பிறிதொன்றில் பதிவு செய்துகொள்ள இயன்றமையால், பாட்டைப் பகிர்வதற்கு நிலையத்தின் தயவு வேண்டாதாயிற்று. முன்னர் ஓதலாகவே அறியப்பட்ட அரபு மொழி, உம்மு குல்தூம் முதலியோரின் குரலில் இசைப்பாட்டாகவும் அறிமுகமானது. யப்பானிய அசைபடங்களும் அரபு வழியே பரவின. 1975இல் யப்பானில் தொடங்கிய கிரெண்டைசர் என்னும் தொடர், 1979இல் பெய்ரூத்தில் அரபு மொழி பேசியது. அதன் தொடக்கப் பாட்டை லெபனானியப் பாடகர் சாமி கிளார்க் பாடினார். அரபுச் சிறுவர் ஒரு தலைமுறையினர்க்கு அது தம் சொந்தப் பாட்டாகிவிட்டது. அவன் படத்துக்கு ராஜாவும் ஜிக்கியும் செய்ததையே கிரெண்டைசருக்குச் சாமி கிளார்க் செய்தார்.

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். அயல்மொழிப் பாட்டு இக்கரையின் சொந்தப் பாட்டை அழித்ததா? வயற்காவலின்போது பரணிலிருந்து ஆடவர் பாடிய கவியும், மச்சானும் மச்சியும் மாறிமாறி உரைப்பதாய் அமைந்த காதற் கவியும், தாய்மார் பாடிய தாலாட்டும் இன்று அருகிவிட்டன என்பது உண்மை. ஆனால் அவற்றைப் பாடச் செய்த தொழிலும் வாழ்வும் மாறியமையே அதற்குத் தலையாய காரணம். அறுவடை இயந்திரம் வந்த வயலில் அரிவு வெட்டுவோரின் கவிக்கு இடமில்லை. எஞ்சியவை எஞ்சியதற்கும் காரணம் உண்டு. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் முதியோரிடம் கேட்டுத் தொகுத்து அச்சேற்றினர். ஆதலின் அவை வாழ்கின்றன. தொகுப்பார் இல்லாதவை, அயற்பாட்டு எதுவும் வாராத ஊரிலும் அழிந்திருக்கும்.

பிறமொழியின்பால் கொண்ட நாட்டம் தமிழுக்கு ஆக்கமாகவும் முடிந்தது. கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த எம். ஏ. நுஃமான், பலஸ்தீனக் கவிஞரின் கவிதைகளை ஆங்கில வழியாகத் தமிழாக்கி 1981இல் நூலாக வெளியிட்டார். ஓசையாகவே அரபை நெடுங்காலம் போற்றிய கரையிற் பிறந்த ஒருவரால், அம்மொழியின் சமகாலத் துயரும் சினமும் தமிழாயின. செவியில் தொடங்கிய உறவு பொருளில் நிறைவெய்தியது எனல் பொருந்தும்.

உண்மையில் இழக்கப்பட்டது வேறொன்று. 1985இல் கரையோரத் தமிழ், முஸ்லிம் ஊர்களிடையே மோதல் மூண்டது. 1990இன் படுகொலைகள் அப்பிளவை ஆழமாக்கின. காரைதீவும் மாளிகைக்காடும் அடுத்தடுத்த ஊர்கள். ஆயினும் ஓர் ஊரார் மற்றோர் ஊருக்குச் செல்ல அஞ்சிய நாள்கள் வந்தன. வானொலிப் பட்டியலில் அருகருகே நின்ற பெயர்கள் நிலத்தில் அகன்று நின்றன. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோர வீடுகளை உயிர்களோடு வாரிச் சென்றது. அவ்வீடுகளில் இருந்த பாட்டுக் குறிப்பேடுகளையும் ஒலிநாடாக்களையும் எவரும் கணக்கிடவில்லை. உயிரை எண்ணவே பொழுது போதாதிருந்த காலம் அது. ஓர் அறிவிப்பாளரின் பெயரை வரலாறு குறித்துவைக்கும். தபாலட்டையில் பாட்டுக் கேட்டவரின் பெயர் ஒலித்த அக்கணத்தோடு மறைந்தது.

ஆகவே அயல்மொழிப் பாட்டைக் கேட்பது குறையன்று. கேட்டதையும் பாடியதையும் பேணாது விடுவதே குறை. கேஸ்கரின் தடை கேட்போரைத் தடுக்கவில்லை. அவ்வாறே இன்றைய இளைஞரின் யப்பானிய, கொரியப் பாடல்களைப் பழித்துரைப்பதனாலும் பயன் விளையாது. அறுபதுகளில் வானொலிப் பெட்டியின் முன்னர்க் குறிப்பேட்டோடு அமர்ந்தோர் இன்று முதியோராய் இவ்வூர்களிலே வாழ்கின்றனர். அவர்களிடம் எஞ்சியுள்ள குறிப்பேடுகளும் ஒலிநாடாக்களும் நினைவுகளும், பரணிற் பாடிய கவிகளோடு ஒருங்கே தொகுக்கப்படல் வேண்டும். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டே பல்கலைக்கழகமாக உயர்ந்த கல்விக்கூடம் ஒலுவிலிலேயே அமைந்துள்ளது. அதன் மாணவர் பலருடைய வீடுகளில் அம்முதியோர் பாட்டன் பாட்டியராய் இருக்கின்றனர். தொகுக்கும் பணி தொலைவில் எங்கும் தொடங்கவேண்டியதன்று; அவ்வீடுகளின் திண்ணைகளிலேயே தொடங்கலாம்.