ஊசி வரிசையில் நின்ற பெண்கள்

நூறாண்டு வரலாறு என்றால் அதிபர்களின் பெயர்களும் கட்டடங்களும் பரீட்சைப் பெறுபேறுகளும் முன்னே வந்து நிற்கும். அவற்றை இம்மலரில் மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது நம் எல்லோருடைய கையிலும் ஏறிய ஊசியின் கதையை. கண்டியில் படித்த பெண்பிள்ளைகள் எந்த நோய்களுக்காக வரிசையில் நின்றார்கள் என்பதும் இப்பாடசாலையின் வரலாற்றில் ஒரு பகுதிதான்.

அறுபதைத் தாண்டிய சகோதரிகள் தங்கள் மேற்கையைப் பார்த்தால் வட்டமாகக் குழிந்த ஒரு தழும்பு தெரியும். அது பெரியம்மைக்குக் குத்திய அம்மைப்பாலின் அடையாளம். (பிள்ளைகளின் கையில் இருக்கும் சிறிய தழும்பு காசநோய்க்குப் போடும் பீ.சீ.ஜி. ஊசியினுடையது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நம்மில் பலர்.) 1796இல் எட்வர்ட் ஜென்னர் இங்கிலாந்தில் செய்து காட்டிய இந்த முறை, 1802இல் பம்பாய்க்கும் அதே ஆண்டில் இலங்கையின் கரையோரத்துக்கும் வந்து சேர்ந்தது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம். ஒரு பிள்ளையின் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து அடுத்த பிள்ளையின் கையில் கீறிக் கீறித்தான் அது கடல் கடந்தது. கண்டி அப்போது இன்னும் அரசனிடம் இருந்தது. ஆங்கிலேயர் கைக்குப் போனது 1815இல்.

அம்மை நோய்க்கு இம்மலைநாட்டில் முதலில் இருந்த மருந்து வேண்டுதல்தான். தலதா மாளிகையின் அருகே உள்ள பத்தினி தேவாலயத்துக்குச் சிங்களச் சகோதரிகள் போவார்கள். அந்தப் பத்தினி நம் கண்ணகியே. மாத்தளையில் முத்துமாரியம்மன். அம்மன் பெயரில் உள்ள முத்து எது என்பதை, சின்னமுத்து என்று நாம் சொல்லும் சொல்லே காட்டிக்கொடுக்கும். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் மன்னாரில் இறங்கி மாத்தளை வழியாகக் கண்டிச் சீமைக்கு நடந்தே வந்தார்கள். வைசூரியும் பேதியும் வழியெல்லாம் அவர்களைத் தின்றன. பின்னாளில் மண்டபம் முகாமில் சில நாள் மறித்து வைத்து, அம்மைப்பால் குத்தியே தலைமன்னாருக்குக் கப்பல் ஏற்றினார்கள். விருப்பமா என்று கேட்டுக் குத்தவில்லை. குத்தாவிட்டால் கப்பல் இல்லை. 1980இல் பெரியம்மை உலகிலேயே ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

போலியோவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1962இல் சொட்டு மருந்து வந்தது. 1993இல் இலங்கையின் கடைசி நோயாளி. பிற்பாடு தேசிய சொட்டு மருந்து நாட்களுக்காகப் போர் நடந்த பகுதிகளிலும் துப்பாக்கிகள் ஓய்ந்தன. வேறு எதற்காக அப்படி ஓய்ந்தன என்று யோசித்துப் பார்க்கிறேன். அதிகம் நினைவுக்கு வரவில்லை.

பெண்கள் பாடசாலைக்கென்றே வந்த ஊசி ருபெல்லா ஊசி. ஜேர்மன் சின்னமுத்து என்றும் அதைச் சொல்வார்கள். இருமலிலும் தும்மலிலும் பரவும் இந்த வைரஸ் பிள்ளைகளுக்குப் பெரிய துன்பம் தருவதில்லை. லேசான காய்ச்சல், மூன்று நாள் தடிப்பு, காதுக்குப் பின்னால் நெறிகட்டு, குமரிப்பெண்களுக்கு மூட்டுவலி, அவ்வளவுதான். தடிப்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பே அது பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். சிலருக்குத் தடிப்பே வராது. அதனால் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கண்டுபிடிப்பது கடினம்.

இந்தச் சாதுவான நோயின் மறுமுகத்தை 1941இல் சிட்னி நகரக் கண் வைத்தியர் நோர்மன் கிரெக் கண்டார். பிறவியிலேயே கண்புரையோடு வந்த குழந்தைகளின் தாய்மாரில் பெரும்பாலானோர் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லாக் காய்ச்சல் கண்டவர்கள். முதல் மூன்று மாதத்துக்குள் தாய்க்குத் தொற்றினால் கருவிலுள்ள பிள்ளை பாதிக்கப்படும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறு வரை போகலாம். கண்புரை, செவிடு, இருதயக் கோளாறு ஆகிய மூன்றும் ஒரே பிள்ளைக்கு வருவதும் உண்டு.

இலங்கையில் 1994, 1995இல் ருபெல்லா பரவி, இத்தகைய குழந்தைகள் பிறந்தபின்தான் 1996இல் தடுப்பூசி தொடங்கியது. 11 வயது முதல் 44 வயது வரையான பெண்களுக்கு அது. உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ் என்பதால் கர்ப்பிணிகளுக்குப் போடக்கூடாது. ஆகவே பாடசாலைப் பிள்ளைகளைத் தேடி வந்தார்கள். அப்போது நான் ஆசிரியை. வரிசையில் நின்ற பிள்ளைகளில் எவருக்கும் அந்த நோயால் பெரிய ஆபத்து இல்லை. இன்னும் பிறக்காத ஒரு பிள்ளைக்காகவே கையை நீட்டினார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? “நாளைக்கு நல்லது” என்று சொல்லிக் கடந்துபோனோம்.

வீடுகளில் கேள்வி எழுந்தது. “பெண்பிள்ளைக்கு மட்டும் ஏன்? இது பிள்ளை பெறாமல் செய்கிற ஊசியா?” தோட்டப்பக்கத்திலிருந்து வந்த தாய்மார் சிலர் என்னிடமே கேட்டார்கள். அவர்களை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. ஏழைப் பெண்ணுக்கு அந்தப் பணமே அழுத்தம். அந்த நினைவு தோட்டங்களில் ஆறவில்லை. அவர்களைச் சம்மதிக்க வைத்தது துண்டுப்பிரசுரம் அல்ல, லயத்துக்கு நடந்து வந்து தமிழில் பதில் சொன்ன மருத்துவமாதுகள் என்பேன்.

2009இன் தொடக்கத்தில் மாத்தறையில் ருபெல்லா ஊசி போட்ட மாணவி ஒருவர் இறந்தபோது நாடு முழுவதும் பெற்றோர் நடுங்கினார்கள். தடுப்பூசிக்குப் பின் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை சுமார் பத்து லட்சம் ஊசிக்கு ஒன்று என்ற கணக்கில் வருவது. உடனே அட்ரினலின் ஊசி போட ஆயத்தமாக இருக்க வேண்டும். போட்டபின் பிள்ளைகளைச் சிறிது நேரம் இருத்தி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். ஆனால் அந்த ஒன்று தன் பிள்ளையாக இருந்த வீட்டில் பத்து லட்சம் என்ற எண்ணுக்கு அர்த்தமில்லை. பயந்த பெற்றோரைக் குறைசொல்லும் மனம் எனக்கு அன்றும் வரவில்லை.

பெண்களுக்கு மட்டும் போடுவதில் ஒரு குறை இருந்தது. தாய்மார் காப்பாற்றப்படுவார்கள், ஆனால் சின்னப் பிள்ளைகளிடையேயும் ஆண்பிள்ளைகளிடையேயும் வைரஸ் சுற்றிக்கொண்டே இருக்கும். பிரித்தானியாவும் 1970இல் மாணவிகளுக்கு மட்டும் தொடங்கி, 1988இல்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் மாறியது. இங்கே 2001இல் இருபாலாருக்கும் வந்தது. 2011இலிருந்து சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி. 2019இல் சின்னமுத்தும் 2020இல் ருபெல்லாவும் இலங்கையில் நீங்கியதாக உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. 2023இல் சின்னமுத்து திரும்பி வந்தது. 2024 ஜனவரியில் சிறப்பு ஊசி போட்ட ஒன்பது சுகாதார மாவட்டங்களில் கண்டியும் ஒன்று.

இப்போது தரம் 6 மாணவிகள் மீண்டும் வரிசையில் நிற்கிறார்கள். 2017இலிருந்து அவர்களுக்கு எச்.பி.வி. ஊசி இரண்டு தடவை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸுக்கு எதிரானது அது. உடலுறவால் தொற்றும் வைரஸ் என்பதால், “இந்த வயதில் எதற்கு?” என்று தாய்மார் தயங்குகிறார்கள். தொற்றியபின் போட்டால் அந்தத் தொற்றை ஊசி நீக்காது. முன்கூட்டியே போடவேண்டும், சிறுவயதில் உடம்பும் நன்றாக எதிர்ப்புச் சக்தி காட்டும். முதல் ஆண்டு ஊசி போட்ட பிள்ளைகள் நம் சங்கத்தில் சேரும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுடைய அம்மாமாருக்கு அந்த ஊசி கிடைக்கவில்லை. அவர்களுக்கு இருப்பது, சுகவனிதையர் சிகிச்சை நிலையத்தில் 35 வயதிலும் 45 வயதிலும் செய்யும் பரிசோதனை.