ஸாட்ஸ் நகரின் ஹொப் கொடி



ஐரோப்பாவின் நடுவே, பொஹீமியா என வழங்கும் நிலப்பகுதியின் வடமேற்கில் ஒரு பழைய நகர் உண்டு. செக் மக்கள் அதனை ஜாடெட்ஸ் என்பர்; ஜேர்மன் மொழியினர் ஸாட்ஸ் என்பர். ஓர் ஊருக்கு இரு பெயர்கள் வழங்குமாயின், அங்கே இரு மொழியினர் வாழ்ந்த வரலாறு ஒன்றிருத்தல் இயல்பு. அவ்வரலாற்றை, அந்நகரின் புகழ்பெற்ற பயிராகிய ஹொப் கொடியைக் கொண்டே இன்று நோக்குவோம். மதுவின் பெருமை பேசுதல் நமது நோக்கமன்று. ஒரு பயிரைச் சுற்றி மனிதர் எய்திய வாழ்வும் தாழ்வுமே நாம் கருதுவன.

ஹொப் என்பது ஆண்டுதோறும் வேரிலிருந்து புதிதாகத் தளிர்த்துப் படரும் கொடி. நமது பனையைப் போல இதிலும் ஆண் வேறு, பெண் வேறு. பெண்கொடியில் தோன்றும் கூம்பு வடிவான பூக்களுக்குள் மஞ்சள் நிறத் துகள் உண்டு. கசப்பும் மணமும் அதிலேயே அடங்கியுள்ளன. முளைக்கவைத்த வாற்கோதுமையிலிருந்து ஆக்கப்படும் பியருக்கு இது சுவை தருவதோடு, அதனை எளிதிற் கெடாமலும் காக்கின்றது. இக்காக்கும் இயல்பை 12ஆம் நூற்றாண்டிலேயே ஹில்டெகார்ட் என்னும் ஜேர்மன் துறவியார் எழுதிவைத்தார். 1516இல் பவேரியாவிற் பிறந்த சட்டமோ, வாற்கோதுமை, ஹொப், நீர் ஆகிய மூன்றையுமே பியருக்குரிய பொருள்களாக விதித்தது.

ஸாட்ஸ் நகரைச் சூழ்ந்த வயல்களில் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஹொப் பயிராகிறது. மேற்கேயுள்ள மலைத்தொடர் மழையை மறைத்து நிற்றலால் அங்கே மழை குறைவு. அம்மண்ணில் வளரும் செந்தண்டுக் கொடியிற் கசப்புப் பொருள் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கேயாம். ஆயின் அதன் மெல்லிய நறுமணத்துக்கு ஈடு காண்பது அரிது. 1842இல் பில்சன் நகரில் யோசப் குரோல் என்னும் பவேரியர் பொன்னிறப் பியரை ஆக்கியபோது, அதற்கு மணமூட்டியது இந்த ஸாட்ஸ் ஹொப்பே. பில்சன் பியரின் புகழ் பரவப் பரவ ஸாட்ஸின் செல்வமும் பெருகிற்று. உலர்த்தும் கூடங்களும் களஞ்சியங்களும் நிறைந்த ஒரு புறநகரே எழுந்தது. போலிச் சரக்கைத் தடுக்கும் பொருட்டு, மூட்டைகளுக்குப் பிறப்பிடம் காட்டும் முத்திரையும் இடப்பட்டது.

இனி, அக்கொடியை வளர்த்தவர் யார்? பயிர் செய்தோருட் பெரும்பாலார் ஜேர்மன் மொழி பேசியோர். வாணிகத்திற் சிறந்து விளங்கியோருட் பலர் யூதர். 1938இல் மியூனிக் உடன்படிக்கையால் இந்நிலப்பகுதி ஹிட்லரின் ஆட்சிக்குள் வந்தது. ஓடித் தப்பியவர் போக, எஞ்சிய யூதர் அழிவுக்கு ஆளாயினர். போர் முடிந்ததும் பழிவாங்கும் படலம் தொடங்கியது. 1945 சூன் மாதத்தில் ஸாட்ஸின் ஜேர்மன் ஆடவர், அயலூராகிய பொஸ்டொலொபர்டிக்கு நடத்திச் செல்லப்பட்டனர். அங்கே பலரைச் செக்கோசிலோவாக்கியப் படையினர் சுட்டுக் கொன்றனர். 1947இல் அவ்வூர்ப் புதைகுழிகளைத் தோண்டியபோது 763 உடல்கள் வெளிப்பட்டன. உயிருடன் எஞ்சியோரில் மிகப் பெரும்பாலார் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். பல தலைமுறைகளாகக் கொடியைப் பேணிய கைகள் இவ்வாறு ஒருசில ஆண்டுகளில் இல்லாதொழிந்தன.

கொடியோ அழியவில்லை. அதனைத் தொடர்ந்து பேண வந்தோருட் சிலரின் வரலாறு வியப்புக்குரியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், அக்காலத்து ருசியப் பேரரசுக்குட்பட்ட வொலினியாவிற் செக் குடும்பங்கள் பல குடியேறி, அங்கும் ஹொப் பயிரிட்டன. அவர்களின் வழித்தோன்றல்கள் போருக்குப் பின்னர் தாயகம் திரும்பியபோது, பலர் இந்த ஸாட்ஸ் வட்டாரத்திலேயே குடியமர்த்தப்பட்டனர். தூரதேசத்திற் பழகிய தொழில், வெறுமையாகிக் கிடந்த வயல்களில் அவர்களுக்குக் கைகொடுத்தது.

ஹொப்பை விதையாற் பெருக்காது, வேர்த்தண்டின் துண்டுகளை நட்டே பெருக்குவர். ஆதலின் சேய்க்கொடி தாய்க்கொடியையே ஒத்திருக்கும். கரெல் ஒஸ்வால்ட் என்னும் அறிஞர் பழைய தோட்டங்களிலிருந்து தெரிந்தெடுத்த கொடிகள் 1952இற் பதிவு பெற்றன. அவற்றின் வழிவந்தவை இன்றும் வளர்கின்றன. மனித சமூகத்துக்கோ இத்தகைய எளிய வழி இல்லை. வேரோடு பெயர்க்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தை மீண்டும் அவ்விடத்தே நட்டு வளர்த்தல் எவராலும் இயலாது.

2010இல் பொஸ்டொலொபர்டியில், கொல்லப்பட்டோர் நினைவாக ஒரு பலகை நிறுவப்பட்டது. 2023இல் ஜாடெட்ஸ் நகரையும் அதன் ஹொப் வயல்களையும் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. இவ்விரண்டையும் சேர்த்து நினைப்பதே நேர்மையான வரலாறு. ஒரு மண்ணின் விளைவைப் போற்றுவோர், அதனை விளைவித்தவர் அனைவரையும், அவர் எம்மொழி பேசினும் எச்சமயத்தைச் சார்ந்தாரேனும், மறவாதிருத்தல் கடனாகும்.