பழக்கடையும் காகிதக்கடையும்

மோசடிக்காரர்களின் வரலாற்றைப் படிக்கும்போது நான் ஒரு விஷயத்தை விடாமல் தேடுவதுண்டு. இந்த ஆசாமி இதற்கு முன்னால் எப்போதாவது ஒழுங்கான வியாபாரம் ஏதேனும் செய்து பார்த்தாரா என்பதே அது. செய்து பார்த்திருந்தால், அவருடைய பிற்காலத் தந்திரங்களுக்கெல்லாம் சாவி அந்தப் பழைய கடையில்தான் கிடைக்கும். சார்ல்ஸ் போன்ஸியின் கதையில் அந்தச் சாவி ஒரு பழக்கடையில் கிடக்கிறது.

'போன்ஸித் திட்டம்' என்று இன்று உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் எழுதுகின்றனவே, அந்தப் பெயருக்கு உரியவர் இவர்தான். 1882-இல் இத்தாலியில் பிறந்தவர். 1903-இல் அமெரிக்காவில் பாஸ்டன் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கியபோது தம் பையில் இருந்தது இரண்டரை டாலர் என்று பிற்பாடு அவரே சொல்லிக்கொண்டார். ஹோட்டலில் பாத்திரம் கழுவினார். கனடாவில் மான்ட்ரீல் நகரத்தில் கள்ளக் கையெழுத்துப் போட்டுச் செக் மாற்றியதற்காகச் சிறைக்குப் போனார். அமெரிக்காவுக்குத் திரும்பி, இன்னொரு குற்றத்துக்காக அட்லாண்டா சிறையையும் பார்த்தார். 1918-இல் பாஸ்டனில் ஒரு கௌரவமான குடும்பத்துப் பெண்ணை மணந்துகொண்டார். மாமனார் வீட்டுக்குப் பழ வியாபாரம் இருந்தது. மாப்பிள்ளை அதை எடுத்து நடத்தினார். சீக்கிரத்திலேயே அது திவாலாயிற்று.

பழ வியாபாரத்தின் கஷ்டத்தை, விடியற்காலையில் கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போய் வந்தவர்களிடம் நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வாங்குகிறவன் வரட்டும் என்று பழம் காத்திருக்காது. காலையில் நூறு ரூபாய் சொன்ன சரக்கை மாலையில் அறுபதுக்குத் தள்ள வேண்டும். மறுநாள் மாட்டுக்குப் போட வேண்டும். கண் எதிரிலேயே முதல் அழுகுகிற தொழில் அது. அழுகாத சரக்கு ஒன்று வேண்டும் என்று போன்ஸி அங்கே நினைத்திருக்கலாம். அந்தச் சரக்கு தபாலில் வந்து சேர்ந்தது.

1919-ஆம் ஆண்டில் ஸ்பெயின் தேசத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அதனுள் சர்வதேசப் பதில் கூப்பன் ஒன்று இருந்தது. வெளிநாட்டுக்காரருக்குப் பதில் தபால் செலவு வைக்கக் கூடாதே என்று, 1906-இல் ரோமாபுரியில் கூடிய உலகத் தபால் மகாநாடு ஏற்பாடு செய்த கூப்பன் அது. ஒரு நாட்டில் வாங்கி, இன்னொரு நாட்டில் தபால் தலையாக மாற்றிக்கொள்ளலாம். முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு ஐரோப்பிய நாணயங்களின் மதிப்பு விழுந்துவிட்டது. கூப்பனின் விலையோ பழைய கணக்கிலேயே நின்றது. ஆகவே, இத்தாலியில் மலிவாக வாங்கி அமெரிக்காவில் மாற்றினால் லாபம் உண்டு. இதில் பொய்யே கிடையாது. நல்ல மோசடி ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு துளி உண்மை உறை மோர் மாதிரி விழுந்திருக்கும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கூப்பனுக்கு அமெரிக்காவில் கிடைப்பது ஐந்து சென்ட் தபால் தலை. ஒரு லட்சம் டாலர் வேண்டுமென்றால் இருபது லட்சம் கூப்பன்கள் வேண்டும். அவற்றை வாங்க வேண்டும், கப்பலில் ஏற்ற வேண்டும், எண்ண வேண்டும், மாற்றி வந்த தபால் தலைகளை யாருக்காவது விற்றாக வேண்டும். இந்தத் தொல்லையெல்லாம் போன்ஸி படவில்லை. கூப்பனை விட்டுவிட்டுக் கூப்பன் கதையை விற்கத் தொடங்கினார். பாஸ்டன் ஸ்கூல் தெருவில் அலுவலகம். 'ஸெக்யூரிட்டீஸ் எக்ஸ்சேஞ்ச் கம்பெனி' என்று பெரிய மனிதத் தோரணையில் ஒரு பெயர். பாங்குகள் வருஷத்துக்கு ஐந்து சதவீதம் வட்டி கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், நாற்பத்தைந்து நாளில் ஐம்பது சதவீதம் என்றார். சொன்னபடி கொடுக்கவும் செய்தார். பின்னால் வந்தவரின் பணத்தை எடுத்து முன்னால் வந்தவருக்குக் கொடுத்தார்.

1920 ஜூலைக்குள் வாரம் பத்து லட்சம் டாலர் குவிந்தது. வரிசையில் நின்றவர்கள் கோடீசுவரர்கள் அல்லர். கூலிக்காரர்கள், சில்லறை வியாபாரிகள், குடியேறிய இத்தாலியர்கள், போலீஸ்காரர்கள் - பத்தும் இருபதுமாகச் சேர்த்து வைத்திருந்தவர்கள்.

முதல் கேள்வியைக் கிளப்பியவர் யார் தெரியுமா? ஒரு நாற்காலி மேஜை வியாபாரி. போன்ஸியின் அலுவலகத்துக்குக் கடனுக்குச் சாமான் கொடுத்தவர். தமக்கும் லாபத்தில் பங்கு உண்டு என்று அவர் வழக்குப் போட்டார். வழக்கில் நியாயம் இருந்ததோ இல்லையோ, ஊரார் யோசித்தார்கள்: சில மாதங்களுக்கு முன் மேஜைக்குப் பணம் கொடுக்க வழியில்லாதவருக்கு இன்று லட்சக்கணக்கில் எப்படி வந்தது? கிளாரன்ஸ் பாரன் என்ற பொருளாதாரப் பத்திரிகையாசிரியர் 'பாஸ்டன் போஸ்ட்' பத்திரிகை மூலம் மேலும் இரண்டு விஷயங்களைச் சொன்னார். இத்தனை பணத்துக்கு ஈடாகப் பதினாறு கோடி கூப்பன்கள் வேண்டும், புழக்கத்தில் இருப்பவையோ சுமார் 27,000 என்பது ஒன்று. போன்ஸி தம் சொந்தப் பணத்தைத் தம் கம்பெனியில் போடவில்லை, வேறு இடங்களில் போட்டு வைத்திருக்கிறார் என்பது மற்றொன்று. தன் கடைச் சாப்பாட்டைச் சாப்பிடாமல் எதிர்க் கடைக்குப் போகிற ஹோட்டல் முதலாளியைப் பற்றி நாம் என்ன நினைப்போம்?

அந்தச் செய்தி வெளிவந்த காலையிலும் பணம் கட்ட ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். பணத்தைத் திரும்பக் கேட்டு வந்தவர்களுக்கோ, போன்ஸி காப்பியும் பலகாரமும் கொடுத்து உபசரித்தார். ஆகஸ்டு 12-ஆம் தேதி கைதானார். பணம் போட்டு வைத்திருந்த பாங்குகளும் அவரோடு விழுந்தன. வருஷக் கணக்கில் காத்திருந்தவர்களுக்கு டாலருக்குச் சுமார் 37 சென்ட் திரும்பியது. 1934-இல் இத்தாலிக்கு நாடு கடத்தப்பட்ட போன்ஸி, 1949-இல் பிரேஸில் நாட்டில் ரியோ டி ஜனீரோ நகரத் தர்ம ஆஸ்பத்திரியில் இறந்தார்.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத அத்தியாயம் ஒன்று உண்டு. கடைசி நாட்களில் சாமர்த்தியமாகத் தங்கள் முதலைத் திருப்பி வாங்கிக்கொண்டவர்கள்மேல் வழக்கு நடந்தது. 1924-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தலைமை நீதிபதி டாஃப்ட் எழுதிய தீர்ப்பில், அவர்கள் அந்தப் பணத்தைப் பொதுவில் திருப்பி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. 'என் பணத்தைத்தானே எடுத்தேன்?' என்ற வாதம் செல்லவில்லை. அவர்கள் போட்ட பணம் எப்போதோ வேறொருவருக்கு 'லாபமாக'ப் போய்விட்டது. அவர்கள் எடுத்தது பக்கத்து வீட்டுக்காரரின் பணம்.

பாஸ்டன் ஏமாந்தது அதுதான் முதல் தடவை என்றும் சொல்வதற்கில்லை. நாற்பது வருஷங்களுக்கு முன், 1880-இல், அதே ஊரில் ஸாரா ஹோ என்ற அம்மாள் மாதம் எட்டு சதவீத வட்டி தருவதாகச் சொல்லித் துணையற்ற பெண்களின் சேமிப்பை வாங்கி, அகப்பட்டுக்கொண்டு, சிறைக்குப் போனாள். திரும்பி வந்து மறுபடியும் அதே தொழிலை அதே ஊரில் நடத்தினாள். ஊரின் ஞாபகசக்தி அவ்வளவுதான்.

நம்முடைய ஞாபகசக்தி எப்படி? போன்ஸிக்குத் தபால் கூப்பன் வாய்த்தது போல், நம் காலத்துக்கு இணையம் வாய்த்தது. 2010, 2011-ஆம் ஆண்டுகளில் 'ஸ்பீக் ஏஷியா' என்ற கம்பெனி, 11,000 ரூபாய் சந்தா கட்டி வாரம் இரண்டு கேள்வித்தாள்களைக் கம்ப்யூட்டரில் நிரப்பினால் வாரம் 1,000 ரூபாய் என்றது. அதாவது பதினோராயிரத்துக்கு வருஷத்தில் 52,000. கேள்விகளுக்கு விடை வேண்டியிருந்த கம்பெனிகள் எவை? பெயர் சொல்லப்பட்ட பெரிய கம்பெனிகள், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று கையை விரித்தன. 2017 பிப்ரவரியில் டில்லிக்குப் பக்கத்து நொய்டாவில் அகப்பட்ட இன்னொரு கம்பெனி, இணையத்தில் ஒரு பொத்தானை ஒரு தடவை தட்டினால் ஐந்து ரூபாய் என்று சொல்லி, ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்களிடம் சுமார் 3,700 கோடி ரூபாய் திரட்டியிருந்தது. நம் திருப்பூரில் 2009-இல் வெளிப்பட்ட அந்நியச் செலாவணி மோசடியில் போனது சுமார் 930 கோடி. அதன் இயக்குநர்களுக்கு 2022-இல் கோயம்புத்தூர் நீதிமன்றம் 27 ஆண்டு சிறை விதித்தது. தையல் மிஷினும் தறியுமாக உழைத்து முன்னேறிய ஊர் அது என்பதை நினைத்தால்தான் மனசு வலிக்கிறது.

'பேராசை' என்று ஒரே வார்த்தையில் இதை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி ஒரு நாள் தம் செல்போனில் வந்த செய்தி ஒன்றைக் காட்டினார். வீட்டில் இருந்தபடியே மாதம் நாற்பதாயிரம், நீங்களே முதலாளி, என்று போட்டிருந்தது.

"அண்ணாச்சி, நீங்கள் இப்போதே முதலாளிதானே?" என்றேன்.

"முதலாளியா! காலையிலே அஞ்சு மணிக்கு ஷட்டரைத் தூக்கறேன், ராத்திரி பத்தரைக்கு இறக்கறேன். பணத்தாசை இல்லீங்க சார். ஒரு நாள் மத்தியானமாவது படுத்துத் தூங்கணும்னு ஆசை" என்றார்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பார்கள். சிறு கடைக்காரன் கதையும் அதுதான். நாலாயிரம் ரூபாய்க்கு விற்றால் நாலாயிரமும் அவனுடையதல்ல. கொள்முதல் போய், வாடகை போய், கரண்டு பில்லும் பையன் சம்பளமும் போய், எலி கடித்ததும் தேதி கடந்ததும் போய், கடன் நோட்டில் எழுதிய வாராக் கடனும் போய், மிஞ்சுவதுதான் அவன் வீட்டு அரிசி. அதிலும் தண்டல்காரர் வந்து நின்றால் ஒரு பங்கு குறையும். எந்தப் பத்திரிகையிலும் இதற்கு விளம்பரம் வருவதில்லை. 'நீங்களே முதலாளி' என்று ஆசை காட்டுகிறவர்கள், முதலாளியாக இருப்பதன் இந்த அசல் முகத்தைக் காட்டுவதில்லை. உடம்பு அசந்த மனிதனின் காதில், பேராசையைக் காட்டிலும் ஓய்வு என்ற சொல்தான் இனிக்கிறது. மோசடிக்காரனுக்கு இது தெரியும். பழக்கடையில் நின்று கால் வலித்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

சட்டங்கள் இல்லாமல் இல்லை. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்து 1978-இலேயே சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் வைப்பீட்டாளர் பாதுகாப்புக்காக 1997-இல் ஒரு சட்டம். முறைப்படுத்தப்படாத வைப்பீடுகளைத் தடுக்க 2019-இல் மத்திய அரசின் சட்டம். ஆனால் சட்டம் பெரும்பாலும் கடை மூடிய பிறகுதான் வந்து சேர்கிறது. கடை திறந்திருக்கும்போதே கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது. இங்கே வாங்குகிறவர் யார், அவர் என்ன வாங்கிக்கொண்டு போகிறார்?

அண்ணாச்சி கடையில் இதற்கு விடை உண்டு. கால் கிலோ துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு ஓர் அம்மாள் படி இறங்குகிறாள்; அவள் கொடுத்த காசில்தான் லாபம். அன்று இரவு அவள் வீட்டில் சாம்பார் கொதிக்கிறது. நஷ்டம் அடைந்தவர் யாருமில்லை. பொத்தானைத் தட்டுகிற கடையில் படி இறங்குகிறவர் யாருமே இல்லை. எல்லோரும் உள்ளே வந்துகொண்டே இருக்கிறார்கள். வருகிறவர் நின்றால் கடை நிற்கும். வருகிறவர்களோ, நம் சொல்லை நம்பி வந்த மைத்துனரும், ஒன்றுவிட்ட அண்ணனும், கூடப் படித்த சிநேகிதனுமாக இருப்பார்கள். போன பணத்தையாவது இன்னும் பத்து வருஷம் ஷட்டரைத் தூக்கிச் சம்பாதித்துக்கொள்ளலாம். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதற்கு எந்த நீதிமன்றத்திலும் தீர்ப்பு கிடைக்காது.