மருதமடுக் காடும் கிறித்தவர் கண்ட இறையன்பும்

கிறித்தவ சமயத்தார் இறைவனுக்குக் கூறும் இலக்கணங்களுள் தலையாயது அன்பு. அவ்வன்பு மனிதனின் தகுதி நோக்கி அளக்கப்படுவதன்று, தகுதியில்லாதவனையும் முந்திச் சென்று தேடுவது, கைம்மாறு வேண்டாதது. கிரேக்க மூலத்தில் இதற்கு ‘அகாப்பே’ என்னும் சொல் பயில்கின்றது. தந்தையின் செல்வத்தைப் பாழாக்கித் திரும்பிய இளைய மகனின் கதை லூக்காவின் நூலில் உண்டு. மகன் தான் எண்ணிவந்த மன்னிப்புரையைச் சொல்லி முடிக்குமுன்பே தந்தை விருந்துக்கு ஆணையிட்டு விடுகிறான். இக்கொள்கையின் உயிர்நிலை அவ்விடத்தே உள்ளது என்பது எம் கருத்து.

நூலில் இவ்வாறு நின்ற கொள்கை நம் நாட்டுக்கு வந்த வழி அன்பு வழியாக அமையவில்லை. வன்னிப் பெருநிலத்தின் மேற்கரையிலுள்ள மாந்தையிலே, சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசரால் தகர்க்கப்பட்டது. கடவுளின் அன்பை ஓதிய வாயும் கோயிலை இடித்த கையும் ஓரினத்தாருடையனவாயிருந்தமையை வரலாறு எழுதுவோன் மறைத்தலாகாது. அவ்வாறே தராசின் மற்றைத் தட்டையும் நோக்குதல் வேண்டும். 1544ஆம் ஆண்டில், மன்னாரிற் புதிதாய்த் திருமுழுக்குப் பெற்ற ஏறத்தாழ 600 பேரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்வித்தான். சைவ மன்னன் செய்த செயல் என்பதற்காக அதனைச் சிறிதாக்கிக் கூறுதல் நேர்மையாகாது.

நிற்க. 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைப்பட்டன. அவரும் கிறித்தவரே, ஆயினும் கல்வினின் நெறி நின்றோர். கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்போர்க்கு அவர்கள் மரண தண்டனை விதித்தனர். நேற்றுவரை ஆள்வோரின் சமயமாயிருந்தது இன்று ஒளிந்து வாழ்வோரின் சமயமாயிற்று. 1670 அளவில் மாந்தையிலிருந்து 20 குடும்பத்தார் தம் கோயிலிலிருந்த அன்னையின் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு காட்டினுட் புகுந்து மருதமடுவிலே தங்கினர் என்பது மரபு. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பிய கத்தோலிக்கரும் அக்காட்டில் அவரோடு சேர்ந்தனர். சிவன் கோயில் இழந்த அதே மாந்தை, ஒரு நூற்றாண்டுக்குள் மாதா கோயிலையும் இழந்தது. அடைக்கலம் கொடுத்தது யானையும் கரடியும் உலாவிய வன்னிக் காடு. ஆட்சியின் துணையின்றி இறையன்பை நம்பிப் பார்க்கும் நிலை இந்நாட்டுக் கத்தோலிக்கர்க்கு அப்போதுதான் முதன்முதல் வாய்த்தது எனலாம்.

29 ஆண்டுகள் அவர்களுக்குக் குருமாரின் துணை இருக்கவில்லை. 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேவாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தார். கொங்கணிப் பிராமணக் குடியிற் பிறந்த அவர், வந்தவுடனேயே கடும் வயிற்றோட்டத்தால் வீழ்ந்தார்; தேறியபின் சில்லாலையை இருப்பிடமாகக் கொண்டு இரவிலே பணியாற்றினார். பின்னர்ப் புத்தளம் வழியாக 1692இற் கண்டியை அடைந்தபோது, போர்த்துக்கீசரின் ஒற்றர் என்னும் ஐயத்தாற் சிறையிடப்பட்டார். 1697இல் அந்நகரில் வைசூரி பரவியது. மன்னனும் பிரபுக்களும் நகரை நீங்கினர். வீட்டார் தம் நோயாளரைக் காட்டில் விட்டு ஓடினர். அடிகளோ தம் மருகர் கார்வாலோவோடு அங்கேயே நின்று, இன்ன சமயத்தார் என்று வினவாது நோயாளர்க்கு உணவூட்டி, புண் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தார். மேலே நாம் கூறிய ‘அகாப்பே’ என்னும் சொல்லுக்கு இதனினும் தெளிந்த உரை வேண்டுவதில்லை. பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியன் அடிகளுக்கு நாட்டில் தடையின்றிப் பணியாற்ற இடங்கொடுத்ததும் நினைக்கத்தக்கது.

சைவ மாணவர் இக்கொள்கையை எதனோடு ஒப்பிட்டுணர்வது? உயிர் இறைவன்பாற் செலுத்துவதை அன்பு என்றும், இறைவன் உயிர்மாட்டுக் காட்டுவதை அருள் என்றும் நாம் பெரும்பாலும் பிரித்து வழங்குகிறோம். கிறித்தவர் இரண்டிற்கும் அன்பு என்னும் ஒரு சொல்லையே ஆளுவர். திருவிளையாடற் புராணத்து வந்திக் கிழவிக்காக மண் சுமந்து பிரம்படி பட்ட பெருமானின் கதை சிலுவையின் கருத்துக்கு மிக அணித்தாய் வருவது. ஆயினும் வேற்றுமையும் உண்டு. மதுரையில் அடி இறைவன் மேல் விழ, அது எல்லா உயிர்மேலும் விழுந்தது. கல்வாரியில் எல்லாரும் படவேண்டிய அடியை ஒருவரே ஏற்றார் என்பது அவர் கொள்கை. முன்னது திருவிளையாடல், பின்னதையோ பொந்தியு பிலாத்து என்னும் ஆளுநன் காலத்து வரலாறாகவே அவர் கொள்வர். இவ்விரண்டையும் ஒன்றென்று அவசரத்திற் கூறுதல் இரு சமயத்துக்கும் நன்றன்று.

மடுவிலோ இவ்வாராய்ச்சி எல்லாம் அடங்கிவிடுகிறது. வழிபாடு இறைவனுக்கே உரியது, அன்னைக்குரியது வணக்கமே என்று திருச்சபை தெளிவாக வரையறுத்திருக்கின்றது. ஆயினும் வன்னிக் குடியானவன் தாயின் முகத்திலேயே இறையன்பைக் காண்கிறான். மடு மண்ணைப் பாம்புக்கடிக்கு மருந்தென்று வீட்டில் வைத்திருப்போருள் இந்துக்களும் உளர். 1872இல் ஆயர் பொன்ஜீன் அங்குப் புதிய கோயிலைக் கட்டத் தொடங்கினார். திருக்கேதீச்சரத்தைப் புதுப்பிக்க வேண்டுமென ஆறுமுக நாவலர் வேண்டுகோள் விடுத்ததும் அதே 1872இலேதான். 1924 யூலை 2இல் திருவுருவத்துக்கு முடி சூட்டப்பட்டது.

1990க்குப் பின் போரினால் இடம்பெயர்ந்த பல்லாயிரவர்க்கு மடு மீண்டும் புகலிடமாயிற்று. அப்புகலிடமும் காவாத நாள் ஒன்று வந்தது: 1999 நவம்பர் 20இல் கோயில் வளவில் எறிகணை வீழ்ந்து, அடைக்கலம் புகுந்திருந்தோருள் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அன்புடைய இறைவன் இதனை ஏன் தடுக்கவில்லை என்னும் வினாவுக்குக் கிறித்தவ நூலோருள் சிலர் காரணம் கூறிச் சமாதானம் செய்வதில்லை. மகனை இழந்த தாயின் உருவையே காட்டுவர். துயருற்றார்க்கு அது போதுமா என்பதை அவரே கூறவேண்டும். 2008 ஏப்பிரலில் போர் நெருங்கவே, திருவுருவம் கடற்கரையோரத் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அன்று கரையிலிருந்து காட்டுக்கு வந்தது, இம்முறை காட்டிலிருந்து கரைக்குச் சென்றது. அவ்வாண்டு ஓகஸ்டிலே அது மடுவுக்கு மீண்டது. 2015 சனவரி 14ஆம் நாள் காலை கொழும்பில் யோசேவாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்று பிற்பகலே மடுவுக்கு வந்து, போரினால் உறவினரை இழந்த தமிழரும் சிங்களவரும் கூடியிருந்த முற்றத்திலே செபித்தார்.