சர்க்கரையைக் காட்டிக்கொடுக்கும் வெளிச்சம்

தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் காலையில் ரத்தப் பரிசோதனை நிலையங்களின் வாசலில் வெறும் வயிற்றோடு நிற்பவர்களில் பாதிப் பேர் நம் வயதுக்காரர்கள்தான். ஊசி குத்தாமல் சர்க்கரை அளவைச் சொல்ல முடியாதா என்று கேட்காதவர் யார்? இந்தக் கேள்விக்குப் பின்னால் 200 வருஷக் கதை இருக்கிறது.

1984-ல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' படத்துக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தது நினைவிருக்கும். சாதாரண வெளிச்சம் எல்லாத் திசையிலும் அதிர்கிறது. அந்தக் கண்ணாடி ஒரு திசை அதிர்வை மட்டும் உள்ளே விடும். பாடப்புத்தகம் இதைத் தளவிளைவுற்ற ஒளி என்கிறது.

1815-ல் பிரான்சில் பியோ என்பவர் சர்க்கரைக் கரைசல் வழியாக இந்த ஒளியை விட்டுப் பார்த்தார். அதிரும் திசை சற்றே திரும்பியது. சர்க்கரை கூடினால் திருப்பமும் கூடியது.

ஏன் திரும்புகிறது என்பதற்கு 1848-ல் வழி காட்டியவர் லூயி பாஸ்தேர். (பிரெஞ்சில் படித்த நாக்கு, பாஸ்டர் என்று வராது.) திராட்சை மதுவிலிருந்து கிடைக்கும் ஓர் அமிலத்தின் உப்பில், வலக்கை இடக்கை போல இரண்டு விதப் படிகங்கள் இருப்பதைக் கண்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்தார். ஒரு குவியலின் கரைசல் ஒளியை வலப்பக்கம் திருப்பியது, மற்றது இடப்பக்கம். அப்போது அவருக்கு 25 வயது, பியோவுக்கு 74. கிழவர் நம்பவில்லை. என் கண் முன்னால் செய்து காட்டு என்றார். செய்து காட்டியதும் மனமார ஒப்புக்கொண்டார். சந்தேகப்பட்டதில் தப்பில்லை, ஒப்புக்கொண்டாரே, அதுதான் பெரிது.

நம் சர்க்கரை ஆலைகளின் ஆய்வுக்கூடங்களில் கரும்புச் சாற்றுக்கு 'போல்' எவ்வளவு என்று பார்ப்பதும் இதே வித்தைதான். 'போலரைசேஷன்' சுருங்கி 'போல்' ஆனது.

நம்மவர் ஒருவரையும் சொல்லியாக வேண்டும். சி.வி. ராமனின் சகோதரி மகன் பஞ்சரத்தினம். ஒளியின் அதிர்வு நிலையைப் பல படிகளில் மாற்றிப் பழைய நிலைக்கே கொண்டுவந்தாலும், அலை சற்று முன்பின்னாகிவிடும் என்று 1956-ல், 22 வயதில் எழுதினார். உலகம் கவனிக்கவில்லை. 1969-ல், 35 வயதில், ஆக்ஸ்போர்டில் இறந்துபோனார். 1984-ல் இங்கிலாந்தில் மைக்கேல் பெர்ரி இதைப் போன்ற ஒன்றை எழுதிய பிறகுதான், அண்ணன் ராமசேஷனும் நித்யானந்தாவும் பழைய கட்டுரையை எடுத்துக் காட்டினார்கள். பெர்ரியும் தயங்காமல் அவருக்குரிய இடத்தைக் கொடுத்தார். இன்று இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

சரி, ஊசிக்கு வருவோம். ரத்தத்தில் சர்க்கரை 100 என்றால், ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் ஒளி திரும்புவது ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஐந்து பங்குதான். தோலும் சதையும் ஒளியைச் சிதறடித்து அதையும் கலைத்துவிடும். அதனால் சிலர் கண்ணின் முன்பகுதியில் உள்ள தெளிந்த நீரில் அளக்க முயன்றார்கள். கண் அசைந்துகொண்டே இருப்பது அங்கே தொல்லை.

கண்ணாடி இழை வழியே ஒளியை உள்ளே அனுப்பலாமே என்று தோன்றும். இழைக் கற்றை வழியே படத்தைக் கடத்தலாம் என்று 1954-ல் ஹாப்கின்ஸோடு சேர்ந்து காட்டியவர் பஞ்சாபைச் சேர்ந்த நரிந்தர் சிங் கபானி. ஆனால் சாதாரண இழையை வளைத்தாலே அதிர்வுத் திசை குலைந்துவிடும். சர்க்கரை திருப்பியதா, வளைவு திருப்பியதா என்று தெரியாது. கிண்டி ஐ.ஐ.டி.யில் வளைவையே பயனாக்கியிருக்கிறார்கள். இழையை 'யு' போல வளைத்தால் அங்கே கொஞ்சம் ஒளி வெளியே கசியும். அந்த இடத்தில் வந்து ஒட்டும் மூலக்கூறுகளை, ஒளி குறைவதைக்கொண்டு கண்டுபிடிக்கலாம். அதற்கும் ஒரு துளி மாதிரி எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே நாளைக் காலையும் வெறும் வயிறுதான்.